ஏ மைனர் சொனாட்டாவும் ஒரு தாயின் மரணமும்

வொல்ஃப்காங் அமதேயுஸ் மொஸார்ட் தனிப் பியானோவுக்கென இயற்றி, முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள சொனாட்டாக்கள் பதினெட்டு. அவற்றுள் பதினாறு மேஜர் சுருதியில் அமைந்தவை. இரண்டு மட்டுமே மைனர் சுருதியில் அமைந்தவை. ஒன்று, 1784இல் வியன்னாவில் எழுதப்பட்ட சி மைனர் சொனாட்டா. மற்றொன்று, அதற்கு ஆறாண்டுகள் முன்னர், தம் இருபத்திரண்டாம் வயதில் பாரிஸ் நகரில் அவர் எழுதிய ஏ மைனர் சொனாட்டா. கோஷெல் என்பார் 1862இல் வெளியிட்ட பட்டியலில் இதன் எண் 310. கையெழுத்துப் படியில் இடமும் ஆண்டும் மட்டுமே குறிக்கப்பட்டுள்ளன: பாரிஸ், 1778. திங்களும் நாளும் இல்லை. அதே பாரிஸில், அதே ஆண்டு ஜூலை 3ஆம் நாள் இரவு, அவருடைய தாயார் அன்னா மரியா காலமானார்.

இவ்விரு செய்திகளும் அருகருகே கிடப்பதைக் கண்டவர்கள் அவற்றை ஒன்றோடொன்று முடிந்துவிட்டனர். தாயை இழந்த மகனின் துயரமே இச் சொனாட்டாவாகப் பொங்கிற்று என்பது கச்சேரிக் குறிப்பேடுகளிலும் இசைத்தட்டு உறைகளிலும் இடம்பெற்றுவிட்ட செய்தி. இப்படைப்பில் விலகாத இருளைக் கண்ட அறிஞர் ஆல்ஃபிரட் ஐன்ஸ்டைன் போன்றோரின் சொற்களும் அம் முடிச்சை இறுக்கவே பயன்பட்டன. அது எவ்வளவு உறுதியானது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கவிதையைக் கவிஞனின் வாழ்க்கைக் குறிப்பாக வாசிக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. பத்தாண்டுகளாகக் கவிதைகளை வாசித்தும் விவாதித்தும் வந்துள்ள நம் வட்டத்தினருக்கு, இவ்வினா இசைக்கு மட்டும் உரியதன்று என்பதை விளக்க வேண்டியதில்லை.

பயணமும் இருண்ட அறையும்

1777ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் தாயும் மகனும் சால்ஸ்பர்க்கை விட்டுப் புறப்பட்டனர். நல்லதொரு பதவி தேடிய பயணம் அது. தந்தை லெயோபோல்டுக்குப் பணியிலிருந்து விடுப்புக் கிடைக்கவில்லை. ஆகவே துணைக்குச் சென்றவர் தாயார். மியூனிக்கில் வேலை இல்லை என்றனர். அவுக்ஸ்பர்க்கில் ஷ்டைன் என்னும் பியானோத் தச்சரின் கருவிகளைக் கண்டு மகன் மகிழ்ந்தார். எப்படித் தட்டினாலும் சீராக ஒலிப்பதையும், விரலை எடுத்தவுடன் ஒலி அடங்குவதையும் தந்தைக்கு விரிவாக எழுதினார். மான்ஹைமில் குளிர்காலம் கழிந்தது. அங்கே அலோய்சியா வேபர் என்னும் இளம் பாடகியிடம் மனம் சென்றது. அவளோடு இத்தாலிக்குச் செல்லலாம் என்ற எண்ணம் எழுந்தது. செய்தி அறிந்த தந்தை சினந்து, உடனே பாரிஸுக்குப் போ என்று எழுதினார். மான்ஹைமிலிருந்து ஊர் திரும்பவிருந்த தாயாரும் மகனுடன் பாரிஸ் செல்லவேண்டும் என்று முடிவாயிற்று. பயணம் ஒன்பது நாட்களுக்கு மேல் நீண்டது. 1778 மார்ச் 23ஆம் நாள் இருவரும் பாரிஸ் அடைந்தனர்.

முதலில் அவர்கள் தங்கிய இடத்தைப் பற்றி அன்னா மரியா ஏப்ரல் தொடக்கத்தில் கணவருக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்துள்ளது. நாள் முழுதும் தனியாகச் சிறைப்பட்டவர்போல் அமர்ந்திருப்பதாகவும், சிறு முற்றத்தைப் பார்த்திருக்கும் இருண்ட அறையில் சூரியனைக் காண முடியவில்லை என்றும் அவர் எழுதுகிறார். மாடிப்படி மிகக் குறுகலாக இருந்ததால் பியானோ ஒன்றை மேலே கொண்டுவர வழியில்லை. ஆகவே மகன் லெக்ரோ என்பவரின் வீட்டுக்குச் சென்று இசை எழுதினார். பகலெல்லாம் அவரைக் காண்பதரிது. இப்படியே போனால் பேச்சே மறந்துவிடும் என்று அந்த அம்மையார் குறைப்பட்டுக்கொள்கிறார். சில நாட்களில் தெருவை நோக்கிய வேறு அறைகளுக்கு அவர்கள் மாறினர் என்பதும் உண்மை. எனினும் மொழி தெரியாத நகரில் ஐம்பத்தேழு வயதுப் பெண்மணி ஒருவர் கழித்த பகற்பொழுதுகள் அக்கடிதத்தில் இருக்கின்றன.

மகனோ ஓயாமல் உழைத்தார். புல்லாங்குழலுக்கும் யாழுக்குமான இசைக்கோவை, நாட்டிய அரங்குக்கான இசை, பின்னர்ப் ‘பாரிஸ் சிம்பொனி’ எனப் பெயர்பெற்ற படைப்பு ஆகியவை அக்காலத்தவை. இவை யாவும் மேஜர் சுருதியில் அமைந்தவை. கேட்போரை மகிழ்விக்க எழுந்தவை. வயலினுக்கும் பியானோவுக்குமான ஈ மைனர் சொனாட்டாவும் அந்த ஆண்டினதே. செப்டம்பர் 26ஆம் நாள் அவர் பாரிஸை விட்டு நீங்கினார். ஆக, ஏ மைனர் சொனாட்டா அந்த ஆறு திங்களுக்குள் எப்பொழுது வேண்டுமானாலும் எழுதப்பட்டிருக்கலாம்: தாயார் நலமாக இருந்தபோது, நோயுற்றபோது, அல்லது மறைந்த பின்னர். ஏட்டில் உள்ள ‘1778’ என்ற எண் இதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. எஞ்சியுள்ள கடிதங்களிலும் இச் சொனாட்டாவைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

ஒரே இரவில் இரு கடிதங்கள்

ஜூன் திங்களில் அன்னா மரியா நோயுற்றார். அன்றைய வழக்கப்படி இரத்தம் வடித்தனர். காய்ச்சல் ஏறியது, நினைவு தடுமாறியது. ஜூலை 3ஆம் நாள் இரவு பத்து மணிக்குச் சற்றுப் பின் உயிர் பிரிந்தது. அருகில் இருந்தவர்கள் மூவர்: மகன், செவிலி ஒருத்தி, ஹைனா என்னும் குடும்ப நண்பர்.

அன்றிரவே மொஸார்ட் இரு கடிதங்கள் எழுதினார். சால்ஸ்பர்க்கில் இருந்த புல்லிங்கர் என்னும் பாதிரியாருக்கு எழுதியதில் உண்மையைச் சொல்லி, தந்தையின் மனத்தை மெல்ல ஆயத்தப்படுத்துமாறு வேண்டினார். தந்தைக்கு எழுதியதில், அம்மா மிகவும் நோயுற்றிருக்கிறார் என்று மட்டும் கூறினார். அதன்பின் அக்கடிதம் வேறு செய்திகளுக்குச் செல்கிறது: ஜூன் 18ஆம் நாள் சிம்பொனி அரங்கேறியது, தாம் எதிர்பார்த்த இடத்திலேயே அவையோர் கைதட்டினர், மகிழ்ச்சியில் பலே ரொயாலுக்குச் சென்று பனிக்கூழ் உண்டு, நேர்ந்துகொண்டபடி செபமாலை சொல்லி வீடு திரும்பினார், வால்டேர் இறந்துபோனார். தாயின் உடல் இன்னும் வீட்டில் இருக்கையில் எழுதப்பட்ட வரிகள் இவை. ஆறு நாட்கள் கழித்து, ஜூலை 9ஆம் நாள்தான் தந்தைக்கு உண்மையை எழுதினார்.

இதைக் கல்நெஞ்சு என்று சொன்னவர்களும் உண்டு. அக்கடிதத்தை ஊன்றிப் படிப்பவருக்கு வேறொன்று புலப்படும். தொலைவில் தனியாக இருக்கும் தந்தை, ஒரே அடியில் வீழ்ந்துவிடக்கூடாது என்ற கவலை அதன் ஒவ்வொரு பத்தியிலும் உள்ளது. எதை முதலில் சொல்வது, எதை ஒத்திவைப்பது, எங்கே பேச்சை மாற்றுவது என்று கணக்கிட்டு அமைத்த கடிதம் அது. துயரத்தின் முதல் மணிகளிலேயே அதை ஒழுங்கு செய்து ஒதுக்கி வைக்கத் தெரிந்த ஒருவரைப் பற்றி, உணர்ச்சி உந்த இசையாகக் கொட்டினார் என்று எளிதில் கூறிவிட முடியாது.

ஏடு கூறும் குணம்

இசைக்குக் குணம் உண்டு, அது ஒரு மனிதரைச் சித்திரிக்கவும் கூடும் என்ற எண்ணம் மொஸார்ட்டுக்கு அந்நியமானதன்று. மான்ஹைமில் கன்னபிஹ் என்னும் இசைவாணரின் மகள் ரோசாவுக்காக ஒரு சொனாட்டா எழுதியபோது, அதன் மெதுநடைப் பகுதியை அச்சிறுமியின் இயல்புக்கு ஏற்பவே அமைத்ததாக 1777 டிசம்பர்க் கடிதம் ஒன்றில் தந்தைக்குத் தெரிவித்தார். சொல்ல விரும்பிய இடத்தில் அவர் சொல்லியிருக்கிறார். ஏ மைனர் சொனாட்டாவைப் பற்றி அவ்வாறு எதுவும் கூறாததால், அதன் குணத்தை ஏட்டிலிருந்தே நாம் அறிய வேண்டியிருக்கிறது.

முதற்பகுதியின் தலைப்பில் உள்ள குறிப்பு ‘அலெக்ரோ மாயெஸ்தோசோ’. விரைவாகவும் பெருமிதத்தோடும் வாசிக்கவேண்டும் என்பது பொருள். தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையும் உண்டு, பெருமிதமும் உண்டு. மொஸார்ட் தம் கையால் எழுதியது பெருமிதம்.

இடக்கை தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு தாளக் கட்டத்துக்கும் எட்டு முறையாகச் சுரக்கூட்டுகளைத் தட்டிக்கொண்டே செல்கிறது. அதன்மேல் வலக்கையில் அணிவகுப்பு நடையையொத்த, குறிலும் நெடிலும் வெட்டி வரும் இசைவரி. ஏ என்னும் சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டால் இதன் சுரங்கள் பெரும்பாலும் நம் கீரவாணிக்கு உரியவை. ஆனால் வலக்கை முதன்முதலில் தொடும் சுரமோ பிரதி மத்தியமம். அது கீரவாணியில் இல்லாதது; இடக்கையின் சுரக்கூட்டோடு உராய்ந்து, கண நேரத்தில் பஞ்சமத்தில் போய் அமர்கிறது. இவ்வுராய்வு ஓர் அணிகலன் அளவே உள்ளது. எனினும் பின்வரும் அமைதியின்மை முழுவதற்கும் அதுவே வித்து.

சொனாட்டா வடிவத்தின் மரபை இங்கே சுருக்கமாக நினைவுகொள்வது நல்லது. முன்வைப்பு, விரிப்பு, மீள்வரவு என மூன்று பிரிவுகள். மைனர் சுருதியில் தொடங்கும் படைப்பு, முன்வைப்பிலேயே அதற்கு உறவான மேஜருக்குச் சென்று இரண்டாம் கருத்தை அங்கே கூறும். இச் சொனாட்டாவிலும் அவ்வாறே. சி மேஜரில், நான்கு நான்காக ஓடும் விரைந்த சுரங்களில், ஒளி மிக்க இரண்டாம் கருத்து வருகிறது. விரிப்பில் காட்சி மாறுகிறது. அடிச்சுரம் ஓரிடத்தில் ஊன்றி நிற்க, மேலே சுரங்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. மிக வலிது, மிக மெலிது என்ற குறிகள் மாறி மாறி இடப்பட்டுள்ளன. மொஸார்ட் தம் பியானோ ஏடுகளில் அரிதாகவே கையாளும் எல்லைகள் இவை. விரலின் அழுத்தத்துக்கேற்ப ஒலியை வேறுபடுத்த இயலாத ஹார்ப்சிகார்டில் இந்த வேறுபாட்டை முழுமையாகக் காட்டுவது கடினம். அவுக்ஸ்பர்க்கில் ஷ்டைன் கருவிகளில் கற்றதும், மான்ஹைம் வாத்தியக் குழுவின் பெயர்பெற்ற ஏற்ற இறக்கங்களைக் கேட்டதும் இவ்விடத்தில் பயன்பட்டன எனலாம்.

பின்னர் மீள்வரவு. முன்பு சி மேஜரில் ஒளியோடு வந்த அதே இரண்டாம் கருத்து இப்போது ஏ மைனரில் வருகிறது. ஓட்டம் அதே, நடை அதே. சுரங்களின் நிறம் மட்டும் மாறிவிட்டது. முதலில் நம்பிக்கையாகத் தோன்றியதே இங்கே அச்சமாகக் கேட்கிறது. ஒரு சொல்லை மாற்றாமல் அது நிற்கும் இடத்தை மாற்றியே பொருளைத் திருப்பும் கவிஞருக்கு இந்த உத்தியை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் பகுதி எஃப் மேஜரில் அமைந்த மெதுநடை. பாடுவதுபோல், உணர்வோடு வாசிக்குமாறு குறிப்பு உண்டு. அதன் நடுவிலும் மைனரின் நிழல் படர்ந்து, இடக்கை மும்மைநடையில் அதிர, சுரங்கள் உராய்கின்றன. பின் அமைதி மீள்கிறது. மூன்றாம் பகுதி மிக விரைவானது. ஏறக்குறைய ஒரே தாள அமைப்பு, மூச்சு வாங்காமல் தொடக்கம் முதல் இறுதிவரை ஓடுகிறது. நடுவே ஏ மேஜரில் ஒரு சிறு பகுதி, நாட்டுப்புறக் குழலையும் அதன் ஒத்து ஒலியையும் நினைவூட்டும் வகையில் தலைகாட்டுகிறது. சொனாட்டா ஒளியில் முடியப் போகிறது என்று கேட்பவர் எண்ணத் தொடங்குகையில் மைனர் திரும்புகிறது. ஏ மைனரிலேயே, வலிய ஒலியோடு, படைப்பு முடிகிறது.

மைனரில் தொடங்கியதை மேஜரில் முடித்துக் கேட்பவரைத் தேற்றி அனுப்புவது அக்காலத்தில் பயின்றுவந்த வழி. மொஸார்ட்டே தம் டி மைனர் பியானோ கான்செர்ட்டோவை 1785இல் அப்படித்தான் முடித்தார். ஏ மைனர் சொனாட்டா அந்த ஆறுதலை இருமுறை அருகில் கொண்டுவந்து காட்டி, இருமுறையும் மறுத்துவிடுகிறது. இதன் தனித்தன்மை என நான் கருதுவது இம்மறுப்பையே. துயரத்தை அறிவிக்கும் தனி அடையாளம் எதுவும் ஏட்டில் இல்லை. வடிவத்தின் விதிகளுக்குள்ளேயே எல்லாம் நடக்கின்றன.

சுருதியும் வாழ்வும்

ஏ மைனர் என்றாலே துயரம் என்று கொள்வதற்கும் இடமில்லை. ‘செராலியோவிலிருந்து மீட்பு’ என்னும் இசை நாடகத்தை எழுதிக்கொண்டிருந்த மொஸார்ட், 1781 செப்டம்பர் 26ஆம் நாள் தந்தைக்கு ஒரு கடிதம் வரைந்தார். அதில் ஒஸ்மின் என்னும் பாத்திரத்தின் பாட்டைப் பற்றிக் கூறுகிறார். சினம் தலைக்கேறிய மனிதன் ஒழுங்கையும் அளவையும் மீறுகிறான். இசையும் தன்னை மறக்கவே வேண்டும். ஆனால் எவ்வளவு கடுமையான உணர்ச்சியும் செவிக்கு அருவருப்பூட்டும் அளவுக்குப் போகக்கூடாது. இசை இசையாகவே இருத்தல் வேண்டும். ஆதலின் பாட்டின் முதன்மைச் சுருதியான எஃப் மேஜருக்கு முற்றிலும் அயலான சுருதியைத் தவிர்த்து, உறவுடையதாயினும் சற்றே விலகி நிற்கும் ஏ மைனரைத் தேர்ந்ததாக அவர் விளக்குகிறார். ஒஸ்மின் நகைப்புக்குரிய பாத்திரம் என்பதை மறக்கலாகாது. ‘துருக்கி நடை’ என்று உலகெங்கும் அறியப்பட்ட பியானோ இசையும் ஏ மைனரில்தான் தொடங்குகிறது. அதைக் கேட்டு அழுதவர் யாரும் இலர்.

வாழ்வும் படைப்பும் நேர்க்கோட்டில் செல்லுமாயின், தந்தையின் மரணமும் ஓர் இருண்ட படைப்பைத் தந்திருக்க வேண்டும். லெயோபோல்ட் 1787 மே 28ஆம் நாள் மறைந்தார். அதன்பின் மொஸார்ட் தம் படைப்புப் பட்டியலில் பதிந்த முதல் படைப்பு, ஜூன் 14ஆம் நாளிட்ட ‘இசை நகைச்சுவை’. திறமையற்ற இசைஞர்களைக் கேலி செய்யும் இசை அது. அதன் சில பகுதிகள் முன்னரே எழுதப்பட்டவை என்று தாள்களை ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். எனவே அதைக் கொண்டு மகனின் பாசத்தை அளப்பது எவ்வளவு பிழையோ, ஏ மைனர் சொனாட்டாவைக் கொண்டு அளப்பதும் அவ்வளவு பிழையே.

இத்தனைக்கும் பின், அம்மரணத்துக்கும் இச் சொனாட்டாவுக்கும் தொடர்பே இல்லையென்று நான் கூற முன்வரவில்லை. உறுதியான தொடர்பு ஒன்று உண்டு. அதைப் பேசுவோர்தாம் குறைவு. அன்றிரவு படுக்கையருகே இருந்த ஹைனா ஊதுகொம்பு வாசிப்பவர். இசை ஏடுகளை அச்சிட்டு வெளியிடுபவரும்கூட. மறுநாள் நடந்த அடக்கத்தின் பதிவேட்டில் மொஸார்ட்டோடு கையெழுத்திட்டவர் அவர். சில ஆண்டுகளில், 1782ஐ ஒட்டி, பாரிஸில் மூன்று சொனாட்டாக்கள் ஒரே தொகுதியாக வெளிவந்தன. ஒன்று சிறுமி ரோசாவுக்காக எழுதியது. இன்னொன்று ஏ மைனர் சொனாட்டா. பதிப்பித்தவர் ஹைனா. அயல்நாட்டில் ஒரு தாய்க்கு இறுதிவரை துணைநின்றவரின் கைவழியே அவர் மகனின் இசை அச்சேறியது. ஊகம் எதுவும் கலவாத இச்செய்தி, ஊகங்கள் பலவற்றினும் நெஞ்சைத் தொடுகிறது.

பெசான்சோன் நகரில் 1950 செப்டம்பர் 16ஆம் நாள் ருமேனியப் பியானோக் கலைஞர் தீனு லிபாத்தி தம் இறுதிக் கச்சேரியை நிகழ்த்தினார். கடும் நோயுற்றிருந்த அவர் அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள், முப்பத்து மூன்றாம் வயதில் இறந்தார். அக்கச்சேரியில் இச் சொனாட்டாவும் இடம்பெற்றது. ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. கேட்பவர் அதில் ஒரு மரணத்தை மட்டுமன்றி இரண்டு மரணங்களை ஏற்றிக் கேட்கிறார். ஆனால் ஒலிப்பதிவில் இருப்பது தளராத இடக்கை. தாளம் எங்கும் துயரத்துக்காகக் காத்து நிற்பதில்லை. உடல்நலமின்மையைக் கேட்பவர் அறியாமல் போகக்கூடிய அளவுக்கு அக்கலைஞர் ஏட்டுக்கு உண்மையாக இருந்தார்.

அன்னா மரியாவுக்கு நாம் செய்யவேண்டிய மரியாதையும் இதில் அடங்கியுள்ளது. அவரை ஒரு சொனாட்டாவின் காரணமாக மட்டும் நினைவுகூர்வது, அவருடைய வாழ்வின் இறுதித் திங்களைப் பிறரின் புகழுக்கு அடிக்குறிப்பாக்குவதாகும். அவரைக் காண விரும்புவோர் அந்த ஏப்ரல் கடிதத்தைப் படிக்கலாம். வெயில் எட்டாத அறை, பியானோ ஏற முடியாத மாடிப்படி, பேச ஆளின்றி நீளும் பகல் ஆகியவை அவர் தம் சொற்களிலேயே அங்கே உள்ளன. சொனாட்டாவைக் கேட்க விரும்புவோர் அந்தப் பிரதி மத்தியமம் பஞ்சமத்தை உரசும் கணத்திலிருந்து தொடங்கலாம். இரண்டாம் கருத்து நிறம் மாறி வரும்போது அது முன்னர் எப்படி ஒலித்தது என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும்.